குடமுழுக்கு முடிந்த மூன்றாம் வருடம் மரம் ஏன் காய்கிறது? பழைய நந்தவனத்துக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

நந்தவனத்தில் ஒரு மரம் வாட ஆரம்பித்தால் ஊரில் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். நான் இலையைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பது ஒன்றுதான்: கடைசித் திருப்பணி எப்போது நடந்தது, அப்போது எங்கே தோண்டினார்கள், எங்கே மூடினார்கள்? பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோயிலைப் புதுப்பிக்கிறோம், தரை போடுகிறோம், மின்கம்பிக்குப் பள்ளம் எடுக்கிறோம், ஆழ்துளைக் கிணறு போடுகிறோம். பெரிய மரத்துக்கு வேர் அடிபட்டாலும், உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்தை வைத்து இரண்டு மூன்று வருடம் ஒன்றும் நடக்காதது போல நிற்கும். அப்புறம் காயும்போது, அந்தப் பழைய பள்ளம் யாருக்கும் நினைவிருக்காது, பழி பூச்சி மேல் விழும்.

ஆகவே முதல் வேலை விசாரணை. பழைய போட்டோ இருந்தால் தேடுங்கள். கோயில் அலுவலகத்தில் கிடைக்காது, தெருவில் இருப்பவர்களின் கல்யாண ஆல்பத்தில் கிடைக்கும். அந்தக் கோயிலில் கல்யாணம் நடந்த குடும்பம் எல்லாம் பிராகாரத்தில் நின்று படம் எடுத்திருக்கும், பின்னால் மரம் எப்படி இருந்தது, தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அதில் தெரியும். கையில் ஓர் இரும்புக் கம்பி, மரச் சுத்தி, வாளி, அளவு போட்ட குச்சி, இவ்வளவு போதும்.

இன்னொன்று: தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போலத் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் கோயில் என்றால் ஒரு குழி தோண்டவும் அவர்களைக் கேட்க வேண்டும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நல்ல எண்ணத்தில் கல்லைப் பெயர்த்தாலும் கேள்வி கேள்விதான்.

உச்சிக் கிளை காய்கிறது, கீழே பச்சையாகத்தான் இருக்கிறது

வேருக்கு மூச்சு முட்டுகிறது, அல்லது வேர் வெட்டுப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் இரண்டில் ஒன்று. மரத்தின் வேர் கீழே பாதாளம் வரை போகிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாப்பாடு எடுக்கும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது, பக்கவாட்டில் கிளை நிழலையும் தாண்டிப் போகிறது. அதன் மேல் சிமென்ட் ஊற்றி கிரானைட் பதித்தால் காற்றும் போகாது, மழையும் போகாது. அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்கு ஒரு வட்டம் விட்டு, அதைச் சுற்றி அழகாக மேடை கட்டி, "மரத்துக்கு இடம் விட்டிருக்கிறோமே" என்று சொல்வார்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பது மரத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேர், சாப்பிடும் வேர் அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? அடிமரத்தைப் பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் யானைக் கால் போல விரிந்திருக்க வேண்டும். தந்திக் கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், யாரோ மண்ணைக் கொட்டித் தரையை உயர்த்தியிருக்கிறார்கள். மழை பெய்த மறுநாள் கிளை நிழலின் விளிம்பில் கம்பியைக் குத்துங்கள். அரை அடிகூட இறங்கவில்லை என்றால் மண் இறுகிக் கிடக்கிறது.

டெல்டாவில் ஒரு கோயிலில், பெயர் வேண்டாம், ஒரு மகிழமரத்துக்கு நாங்கள் இரண்டு வருடம் மருந்து அடித்தோம், பிண்ணாக்கு வைத்தோம், ஒரு பெரியவர் சொன்னார் என்று மோர்கூட ஊற்றினோம். கடைசியில் பாவுகல் ஒன்று தானாக ஆடியதால் பெயர்த்துப் பார்த்தால் அடியில் நாலு அங்குலத்துக்கு ஜல்லிக் கான்கிரீட். பழைய பாவுகல்லை மணலில்தான் பதித்திருந்தார்கள், திருப்பணியில் "ஆடுகிறது" என்று கான்கிரீட் போட்டு மேலே அதே கல்லை வைத்துவிட்டார்கள். பார்வைக்குப் பழசு மாதிரியே இருந்ததால் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மரம் பிழைத்தது, ஆனால் பாதி போய்விட்டது.

சரி செய்ய: புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் உடைக்காதீர்கள், ஜேசிபியை மதிலுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள், கைக்கொத்து போதும். நடக்கப் பாதை வேண்டும் என்றால் அதே கல்லை மணல் மேல் இடைவெளி விட்டுப் பதிக்கலாம், இடுக்கில் சிமென்ட் பூசக் கூடாது. திறந்த இடத்தில் மூன்று நாலு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு, அடிமரத்தை ஒட்டாமல். தண்ணீர் அடிமரத்தில் ஊற்ற வேண்டாம், கிளை நிழலின் விளிம்பில் ஊற்றுங்கள், கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆழமாக நனையும்படி. யூரியா கூடவே கூடாது, இருக்கிற கொஞ்ச வேரை வைத்துக்கொண்டு அது தளிர் தள்ளப் பார்க்கும். காய்ந்த கிளையில் ஆள் தலையில் விழுவதை மட்டும் எடுங்கள், மீதிக்கு ஒரு வருடம் பொறுங்கள். செத்தது என்று நினைத்த கிளை துளிர்த்ததைப் பார்த்திருக்கிறேன்.

கறையான் புற்று ஏறியிருந்தால்? அநேகமாக அது செத்த பட்டையைத் தின்ன வந்தது. மண்ணைத் தட்டிவிட்டுப் பாருங்கள், உள்ளே உயிருள்ள பட்டை இருந்தால் கறையான் குற்றவாளி இல்லை.

அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான், அல்லது பெரிய பொந்து

இதில் விளையாட்டு வேண்டாம். பழுப்பு நிறத்தில், மேலே வார்னிஷ் அடித்தது போலப் பளபளப்பாக, அடியில் வெள்ளையாகக் காளான் முளைத்தால் அது கானோடெர்மா என்ற அழுகல் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். தென்னையில் 'தஞ்சாவூர் வாடல்' என்று சொல்கிறோமே, அதே கிருமி. வெளியே காளான் தெரியும்போது உள்ளே வேலை ரொம்ப தூரம் போயிருக்கும். தென்னைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது: மரத்துக்கு வருடம் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, வட்டப் பாத்தியில் 1 சதவீத போர்டோ கலவை 40 லிட்டர். அந்தக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர், இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துக் கலக்க வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை முக்கி எடுங்கள், செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். நோய் ஆரம்பத்தில் இருந்தால் பலன் உண்டு, முற்றியதற்கு இல்லை. பெரிய மரங்களுக்கு இது வைத்தியம் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

பொந்தைச் சிமென்ட் வைத்து அடைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மேலே மஞ்சள் பெயின்ட் வேறு. மரம் மனிதன் போலப் புண்ணை ஆற்றுவதில்லை, அழுகலைச் சுற்றி உள்ளுக்குள் ஒரு சுவர் எழுப்பி அதைத் தனியாக ஒதுக்கிவிட்டு வெளிப்பக்கமாக வளர்கிறது. அமெரிக்க வனவியல் அறிஞர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்துச் சொன்னது இது. நாம் பொந்தைச் சுரண்டிச் 'சுத்தம்' செய்யும்போது அந்தச் சுவரைத்தான் உடைக்கிறோம். தண்ணீர் வடியட்டும் என்று துளை போடுவதும் அதே தப்பு. சிமென்ட் மரத்தோடு சேர்ந்து ஆடாது, காற்றில் உள்பக்கம் உராயும், ஈரமும் பிடித்து வைக்கும். பொந்தை அப்படியே விடுங்கள். ஆந்தை குடியிருக்கும், எலிக்குக் கவலைப்பட வேண்டியதில்லை.

நிற்குமா விழுமா என்று பார்க்க மரச் சுத்தியால் சுற்றித் தட்டுங்கள். முக்கால்வாசிச் சுற்றில் மத்தளம் போலச் சத்தம் வந்தால் கீழே ஆட்களை உட்கார வைக்காதீர்கள், கிளைப் பாரத்தைக் குறையுங்கள், முட்டுக் கொடுங்கள். 2016 டிசம்பரில் சென்னையில் வர்தாவும், 2018 நவம்பரில் டெல்டாவில் கஜாவும் சாய்த்துவிட்டுப் போன மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆலமரம் மட்டும் தனிக் கணக்கு. அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் விழுந்துவிட்டது, விழுதுகளில் மரம் இன்றும் இருக்கிறது. ஹவுராவின் தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தின் நடுமரத்தைப் பூஞ்சை பிடித்ததால் 1925இல் வெட்டி எடுத்தார்கள், அதுவும் இருக்கிறது. ஆகவே ஆலமரத்தின் நடு அழுகினால் முதலில் விழுதைக் கவனியுங்கள். தொங்கும் விழுதைப் பிளந்த மூங்கிலுக்குள் மண்ணும் எருவும் போட்டு இறக்கிவிட்டால் தரையைத் தொட்டுக் கால் ஊன்றும். "குழந்தைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், ஆபத்து" என்று விழுதையெல்லாம் நறுக்கி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஒரே ஒரு கிளை மட்டும் வாடுகிறது

அந்தக் கிளையைத் தடவிக்கொண்டே அடிவரை வாருங்கள். நைலான் கயிறு கிடைக்கும். தொட்டில் கட்டியது, சீரியல் விளக்கு கட்டியது, பந்தல் கட்டியது. பருத்தித் துணியும் மஞ்சள் கயிறும் மட்கிப் போகும், நைலான் மட்காது, பட்டை அதன் மேல் வீங்கி விழுங்கிவிடும். வெளியே தெரிகிற கயிற்றை வெட்டி எடுங்கள், உள்ளே போய்விட்டதைத் தோண்டாதீர்கள். வேண்டுதல் தொட்டிலுக்கு மரத்துக்குப் பக்கத்தில் இரண்டு கல் தூணும் ஒரு கம்பியும் வைத்துவிட்டால் பிரச்சினையே இல்லை, ஜனங்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சொல்கிற விதத்தில் சொன்னால். அடிமரத்தை ஒட்டி அகல் ஏற்றுவதும் அப்படித்தான். பட்டைக்கு உள்ளே காகிதக் கனத்துக்கு ஒரு வளர்படலம் இருக்கிறது, தினமும் சூடு பட்டால் அந்தப் பக்கம் செத்துவிடும். விளக்கு மேடையை நாலடி தள்ளுங்கள்.

மல்லிகை மஞ்சளாகிறது, பூ இல்லை

முதலில் நிழலைப் பாருங்கள். புது மண்டபம், புதுக் கூரை, பத்து வருடத்தில் பெருத்துவிட்ட வேம்பு. மல்லிகைக்கு வெயில் வேண்டும், நிழலில் கொடி நீளும், பூ வராது. நிழல் மாறாது என்றால் அங்கே நந்தியாவட்டை வைத்துவிட்டு மல்லிகையை இடம் மாற்றுவதுதான் புத்தி.

வெயில் இருந்தும் இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை என்றால் இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, எடுக்க முடியவில்லை. ஏன்? தோண்டிப் பாருங்கள், திருப்பணியில் உடைத்த காரை, சுண்ணாம்பு, சிமென்ட் தூள் எல்லாம் நந்தவனத்தில்தான் கொட்டி மண் போட்டு மூடியிருப்பார்கள். மண் காரமாகிவிடும், இரும்பு பூட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து மாதம் ஒருமுறை இலையில் தெளித்தால் பச்சை திரும்பும், ஆனால் இடிபாட்டை அள்ளி வெளியே போட்டுத் தொழுவுரம் போடும் வரை ஆயுளுக்கும் தெளித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கவாத்து மறந்திருந்தால் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். பாவம் என்று விட்டுவிட்டால் பங்குனி சித்திரையில் மாலைக்கு வெளியே வாங்க வேண்டி வரும்.

கோமுகித் தண்ணீர் பாயும் பாத்தியில் மட்டும் செடி சாகிறதா? அபிஷேகத் தண்ணீர் நந்தவனத்துக்குப் போவது பழைய ஏற்பாடு, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் எண்ணெயும் நெய்யும் மண்மேல் படிந்தால் தண்ணீர் இறங்காமல் மேலேயே உருண்டு ஓடும். இப்போது சன்னிதி கழுவும் சோப்புத் தூளும் அதே வழியில்தான் வருகிறது. இடையில் ஒரு சின்னத் தொட்டி கட்டுங்கள், மேலே மிதப்பதை வாரம் ஒருமுறை வழித்து எடுங்கள், அதைத் தாண்டி வாழையும் கல்வாழையும் வையுங்கள், அப்புறம் பூப்பாத்தி.

செம்பருத்தியில் வெள்ளை மாவு அப்பினால் பதற வேண்டாம். 2008 வாக்கில் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் நாசமாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை 2010இல் கொண்டுவந்து விட்ட ஒரு சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது, மருந்து அல்ல. கண்ட விஷத்தையும் அடித்தால் நன்மை செய்யும் இப்படிப்பட்ட குளவிதான் முதலில் சாகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், மோசமான கிளையை வெட்டி எரியுங்கள், எறும்பை நிறுத்துங்கள்.

மதிலில் அரசங்கன்று, கல்லில் வெள்ளைப் பூப்பு

காக்கை எச்சத்தில் வரும் விதை எங்கே விழுந்தாலும் முளைக்காது, ஈரமான இடுக்கு வேண்டும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும், அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே கிடக்கும், விரிசல் விடும், விரிசலில் அரசு முளைக்கும். விரல் உயரக் கன்றை மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். கைக்கனம் ஆகிவிட்டால் இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். மாதாமாதம் துளிரை வெட்டிப் பட்டினி போடலாம், முழு வேரை எடுக்க ஸ்தபதி வந்து கல்லைப் பிரித்துத்தான் அடுக்க வேண்டும். துளையில் பெருங்காயம் வைக்கச் சொல்வார்கள், வைத்துப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆறு மாதம் கழித்து மறுபடி ஏணி போட்டதைத்தான் நான் பார்த்தேன்.

அதிஷ்டானத்தில், அதாவது சன்னிதியின் அடிபீடக் கல்லில், வெள்ளை பூத்து மேல்தோல் உதிர்ந்தால், பக்கத்தில் புல்தரையும் தெளிப்பானும் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரில் இருக்கும் உப்பு கல்லுக்குள் ஏறி, காயும்போது படிகமாகிக் கல்லைப் பிளக்கிறது. புல்தரை நம் கோயிலுக்கு வந்தது வெள்ளைக்காரன் பூங்காவைப் பார்த்துத்தான். சுவரிலிருந்து சில அடிக்கு நீர் படாமல் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குளத்தில் தண்ணீர் நிற்கவில்லை

நந்தவனமும் குளமும் ஒரே உடம்பு, குளம் வற்றினால் நந்தவனக் கிணறு வற்றும். இரண்டு கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள்: வரவில்லையா, வந்தது போகிறதா?

வரவில்லையா என்று தெரிய, முதல் பெருமழையில் குடையோடு வரத்து வாய்க்காலில் நடங்கள். வெயில் நாளில் பார்த்தால் வாய்க்கால் இருப்பது போலத்தான் தெரியும். மழையில்தான் சாலை ஒவ்வொரு முறையும் உயர்ந்து வாய்க்கால் வாய் பள்ளத்துக்குள் போனதும், கடையின் படிக்கட்டு குழாயை அடைத்ததும் தெரியும். கழிவுநீர் கலக்கிறதா என்றும் அப்போதே மோந்து பார்த்துவிடலாம்.

வந்தது போகிறதா என்று தெரிய ஒரு வாளிச் சோதனை. கீழ்ப்படியில் வாளியைப் பாதி முங்கும்படி வைத்து, உள்ளே குளத்து மட்டத்துக்கே தண்ணீர் ஊற்றி, உள்ளேயும் வெளியேயும் கோடு போடுங்கள். மழையில்லாத ஐந்து நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில் குடித்தது, வெளியே அதிகம் இறங்கினால் அந்த வித்தியாசம்தான் கசிவு. அப்புறம் எந்தப் படியில் வந்து இறக்கம் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டை அந்தப் படிக்கு மேலே இருக்கிறது. நிற்காமல் அடிவரை போனால் அடித்தரையில் கோளாறு.

அடித்தரைக் கோளாறுக்குப் பெரும்பாலும் காரணம் ஆர்வக் கோளாறு. தூர் வாரும்போது இயந்திரத்தை இறக்கி, வண்டலை மட்டும் எடுக்காமல் அதற்குக் கீழே இருக்கும் களிமண் படுகையையும் தோண்டி மணலைத் தொட்டுவிடுவார்கள். "இவ்வளவு ஆழமாக்கினோம்" என்று பெருமையாகப் படம் வேறு எடுத்துக்கொள்வார்கள். நாலு இடத்தில் கையால் சோதனைக் குழி போட்டுக் களிமண் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து, அதற்கு அரை அடி மேலேயே நிறுத்தச் சொல்லுங்கள். உடைந்துவிட்டதா, ஏரிக் களிமண்ணைக் கொண்டுவந்து அடுக்கடுக்காக நனைத்து மிதித்து இறுக்க வேண்டும், மாடு கட்டி மிதிக்க விட்டது அதற்காகத்தான். கான்கிரீட் தளம் போடாதீர்கள். தண்ணீர் நிற்கும், சுற்றியிருக்கும் கிணறுகளும் நந்தவனமும் காயும்.

விடியற்காலையில் மீன் செத்து மிதந்தால் விஷம் வைத்தார்கள் என்று ஊரில் சண்டை வரும். தண்ணீர் பாசிப் பச்சையாக இருந்தால் விஷம் தேட வேண்டாம், இரவெல்லாம் பாசியும் சேர்ந்து மூச்சு விடுவதால் விடியலில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. பொரி, மாலை, கழிவுநீர், இந்த மூன்றையும் நிறுத்துங்கள்.

தலமரம் பிழைக்காது என்று தெரிந்துவிட்டது

செத்த பிறகு வாரிசு தேடாதீர்கள், உயிர் இருக்கும்போதே எடுங்கள். மாமரத்துக்கு விதைக் கன்று தாய் போல வராது, ஒட்டுக் கட்ட வேண்டும். வில்வத்துக்கு வேரிலிருந்து வரும் பக்கக் கன்றே தாயின் பிள்ளைதான். புன்னைக்கு ஓட்டை லேசாக உடைத்துவிட்டு விதைத்தால் சீக்கிரம் முளைக்கும். 1981இல் உருவான ஃபிளாரன்ஸ் சாசனம் என்று வரலாற்றுத் தோட்டங்களுக்கு ஒரு சர்வதேச வழிகாட்டி ஆவணம் இருக்கிறது, தோட்டம் என்பது உயிருள்ள பொருளால் ஆனது, அழியும், புதுப்பிக்கவும் முடியும் என்பதுதான் அதன் அடிப்படை. செத்த மரத்தைக் கம்பி வேலிக்குள் வைத்துப் பூஜை செய்யும் நம் ஆட்கள், பக்கத்திலேயே அதன் கன்றையும் வைத்திருந்தால் சாசனம் படிக்காமலேயே சரியாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் மரம் ஏன் போனது என்று கேட்காமல் மறுபடி நடாதீர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரே தில்லை மரத்தால் வந்தது, அது சதுப்புநில மரம், இன்று அதைக் காடாகப் பார்க்கப் பிச்சாவரத்துக்குத்தான் போக வேண்டும். நிலத்தின் நீர் மாறினால் புராணத்தைச் சொல்லி மரத்தை நிறுத்த முடியாது. தில்லைப் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், அதையும் தெரிந்துகொண்டு தொடுங்கள்.

கானோடெர்மாவில் போன மரத்தின் குழியிலேயே கன்றை வைக்க வேண்டாம். அடிக்கட்டையையும் வேரையும் முடிந்தவரை எடுத்துவிட்டு, சில அடி தள்ளி வையுங்கள். மூன்று கன்று எடுங்கள். ஒன்று கோயிலில், ஒன்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில், மூன்றாவது குருக்கள் வீட்டுக் கொல்லையில். கோயிலில் வைத்ததை ஆடு மேய்ந்துவிட்டால் கொல்லையிலிருந்து எடுத்து வரலாம், நாங்கள் இரண்டு தடவை அப்படித்தான் எடுத்து வந்தோம்.